படகில் ஏறாத குழந்தை

 

ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து மாநிலத்தில் பிலோயீலா என்றொரு சிற்றூர். ஈழத்திலிருந்து தனித்தனியே படகில் வந்த ஒரு பெண்ணும் ஆணும் திருமணம் செய்துகொண்டு அங்கே குடியேறினார்கள். அவர் இறைச்சித் தொழிற்சாலையில் வேலை பார்த்தார். இரண்டு மகள்கள் பிறந்தார்கள். 2018 மார்ச் 5 விடியற்காலையில் காவலர்கள் கதவைத் தட்டினார்கள். தாயின் தற்காலிக விசா அதற்கு முந்தைய நாள்தான் காலாவதியாகியிருந்தது. குடும்பத்தையே மெல்பர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோனார்கள்.

2019 ஆகஸ்டில் நால்வரையும் நாடுகடத்த விமானத்தில் ஏற்றிவிட்டார்கள். அது வானில் பறந்துகொண்டிருக்கும்போதே நீதிபதி தடையுத்தரவு பிறப்பித்ததால் டார்வினில் இறங்கியது. அடுத்த ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் கிறிஸ்துமஸ் தீவில். 2021 ஜூனில் இளைய மகளுக்கு இரத்தத்தில் நோய்த்தொற்று ஏற்பட்டு, தாயோடு பெர்த் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டாள். அவளுடைய நான்காவது பிறந்தநாள் அங்கேதான் கழிந்தது. அப்போது அப்பாவும் அக்காவும் இன்னும் தீவிலேயே இருந்தார்கள்.

இந்தக் குழந்தைக்குச் சட்டம் வைத்த பெயரைக் கவனியுங்கள்: 'அனுமதியின்றிக் கடல்வழி வந்தவர்'. அவள் பிறந்தது ஆஸ்திரேலியாவில். எந்தப் படகிலும் ஏறியவள் அல்ல. ஆனால் படகில் வந்தவர்களுக்கு அங்கேயே பிறக்கும் பிள்ளைகளையும் அந்தப் பெயருக்குள் அடைக்க 2014இல் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள்.

சாதியும் விசாவும் ஒன்றல்ல. ஆனாலும் நாம் செய்யாத ஒன்றுக்காக, பிறப்பை வைத்து நம்மீது குத்தப்படும் முத்திரை எப்படிப்பட்டது என்று நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது யார்? முதலில் அந்த ஊர்க்காரர்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் மனுவில் கையெழுத்திட்டார்கள். 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூனில் வீடு திரும்பினார்கள். ஆகஸ்டில் நிரந்தர விசா கிடைத்தது. அந்தத் தாய் ஊடகங்களிடம் வாய் திறந்து பேசினார். ஊர் அவரோடு நின்றது.

கொண்டாட வேண்டிய வெற்றிதான். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அவர்கள் அகதிகளாக ஏற்கப்படவில்லை என்று முந்தைய அரசு சொல்லிக்கொண்டே இருந்தது. அது உண்மைதான். அப்படியிருந்தும், தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி விசா கொடுக்க அமைச்சரால் எப்போதுமே முடியும். 2022இல் நடந்தது அதுதான். சட்டம் மாறவில்லை; நாற்காலியில் இருந்தவர் மாறினார். அது உரிமையாக வரவில்லை, கருணையாக வந்தது. 'நல்ல குடும்பம், உழைப்பாளிகள், ஊருக்குப் பிடித்தவர்கள்' என்று பெயர் வாங்காத தாய்க்கு யார் கையெழுத்திடுவார்? பிள்ளைகளோடு இருப்பது நன்னடத்தைக்குக் கிடைக்கும் பரிசா?

இந்தக் கேள்வியோடு நம் ஊருக்கு வருவோம். இங்கே இருக்கும் ஈழத்தமிழர் முகாம்களின் பெயரை 2021இல் 'மறுவாழ்வு முகாம்' என்று மாற்றினோம். நல்ல செயல். ஆனால் அங்கே பிறந்த பிள்ளைகளின் நிலை என்ன? 2004 டிசம்பர் 3க்குப் பிறகு பிறந்தவர் இந்தியக் குடிமகனாக, பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் மட்டும் போதாது. மற்றவர் 'சட்டவிரோதக் குடியேறி'யாக இருக்கவும் கூடாது. முகாம்காரரைத் திருமணம் செய்த தமிழ்நாட்டுப் பெண்ணின் குழந்தையும் இதில் மாட்டிக்கொள்கிறது. 2019 திருத்தச் சட்டம் இலங்கையைச் சேர்க்கவே இல்லை.

இந்த முகாம்களில் மலையகத் தமிழர்களும் கணிசமாக இருக்கிறார்கள். இவர்களின் முன்னோர் இங்கிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகள். பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். 1948இல் இலங்கை அவர்களின் குடியுரிமையைப் பறித்தது. பூட்டன் புறப்பட்ட மண்ணிலேயே பேத்தி அந்நியராக இருக்கிறாள்.

பிலோயீலாவுக்காகப் பதிவு போட்ட நம்மில் எத்தனை பேர் பக்கத்து முகாமுக்குள் போயிருக்கிறோம்? அந்த ஊர்க்காரர்கள் பெரிய தத்துவம் எதுவும் பேசவில்லை. 'இவர்கள் எங்கள் ஊர்க்காரர்கள்' என்றார்கள். நாமும் அதைச் சொல்லிவிட்டுத் தொடங்கலாம். ஆனால் கருணை கேட்பதோடு நிற்காமல், சட்டத்தை மாற்றச் சொல்லிக் கேட்போம்.