முப்போட்டியும் மூன்று பொது உரிமைகளும்

(வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)

 

இருபத்தைந்து ஆண்டுகள் கண்ட நம் கழகத்தின் விழாவில் ஏட்டுக் கல்வியைப் பற்றிப் பேச அறிஞர் பலர் உளர். ஆதலின், நம் இளைஞர் இன்னும் மிகுதியாகப் புகாத ஒரு விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள் கூற விழைகிறோம். அதுவே டிரையத்லான் என்னும் முப்போட்டியாகும்.

முதலில் நீச்சல், அடுத்து மிதிவண்டி, இறுதியில் ஓட்டம். இடையே ஓய்வில்லை. ஈர உடலோடு வண்டியேறும் நேரமும், வண்டியை நிறுத்திக் காலணி மாற்றும் நேரமும் கணக்கிற் சேரும். 1978-ஆம் ஆண்டு ஹவாயில் முதன்முதல் நடந்த நெடுந்தூர முப்போட்டியில் இறங்கியோர் 15 பேர். முடித்தோர் 12 பேர். 2000-ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் இப்போட்டி இடம்பெற்றது. அங்கு அதன் அளவு 1.5 கி.மீ. நீச்சல், 40 கி.மீ. மிதிவண்டி, 10 கி.மீ. ஓட்டம். தொடக்க நிலையினர்க்கு இதிற் பாதியளவுப் போட்டியும் உண்டு.

நம் ஊர் அளவிற் சொல்வதாயின், மாமல்லபுரத்திலிருந்து செங்கல்பட்டுக்கு ஏறத்தாழ 30 கி.மீ. கடலில் நீந்திக் கரையேறியவர் அத்தொலைவைக் கடந்து, மேலும் பத்துக் கி.மீ. மிதித்து, அதன்பின் ஓடவும் வேண்டும். வண்டியை விட்டிறங்கியதும் கால்கள் மரக்கட்டை போலாகிவிடும். அதனாலேயே பயில்வோர் மிதிவண்டியையும் ஓட்டத்தையும் ஒன்றன்பின் ஒன்றாகவே பழகுவர். நீச்சற்குளத்தின் அடியிலே வழிகாட்டும் கோடு உண்டு. கடலிலோ அடிக்கடி தலை உயர்த்தி மிதவையைப் பார்த்தே திசையறிதல் வேண்டும்.

இத்தகைய உறுதி தமிழர்க்குப் புதிதன்று. வல்வெட்டித்துறையில் பிறந்த குமார் ஆனந்தன் சட்டம் பயின்றவர். அவர் முப்போட்டி வீரர் அல்லர். ஆயினும் 1971-இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, மீண்டும் நீந்தியே திரும்பினார். அதற்கு அவர் எடுத்துக்கொண்ட காலம் 51 மணி நேரம். 1979-இல் கொழும்பில் 187 மணி நேரத்துக்கு மேல் இடைவிடாது மிதிவண்டி ஓட்டினார். 1984-இல் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியில் உயிர்நீத்தார்.

இளைஞர்களே! இப்போட்டிக்கு வேண்டுவன நீர்நிலை, சாலை, திடல் ஆகிய மூன்று. மூன்றும் பொது இடங்கள். அவையே நம் முன்னோர்க்கு மறுக்கப்பட்டிருந்தன. மதுராந்தகம் வட்டத்துக் கோழியாளத்தில் 1859-இல் பிறந்த இரட்டைமலை சீனிவாசனார், பொதுச் சாலை, தெரு, கிணறு, குளம் ஆகியவற்றை எவரும் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டமன்றத்திற் கொணர்ந்தார். 1927-இல் மகாத் நகரின் சவுதார் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் மக்களோடு இறங்கி நீரருந்தினார். கிணறு, குளம், நீராடு துறை, சாலை என்பன அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவிலேயே இடம்பெற்றுள்ளன.

பள்ளி விளையாட்டு விழாக்களில் நாம் ஆண்டுதோறும் காணும் ஒன்றுண்டு. ஓட்டத்தில் நம் பிள்ளைகள் முந்துவர். பதினோராம் வகுப்பில் அரசு மிதிவண்டி தருகிறது. நீச்சலுக்குப் பெயர் கேட்டாலோ ஒரு கையும் உயராது. குளத்தில் இறங்கவே தடையிருந்த தலைமுறை தன் மக்களுக்கு நீச்சலை எங்ஙனம் கற்பித்திருக்கும்? சட்டமன்றத் தீர்மானம் குளத்தைத் திறந்து நூறாண்டு கடந்தும், நம் பிள்ளைகள் கரையிலேயே நிற்கின்றனர்.

"படிப்புக்கே வழியில்லாத வீட்டில் விளையாட்டு எதற்கு?" என்று பெற்றோர் வினவுவர். நியாயமான வினாவே. நீச்சல் முதற்கண் உயிர் காக்கும் கல்வி. ஏரியும் கடலும் சூழ்ந்த மாவட்டத்தில் அது எழுத்தறிவுக்கு அடுத்த தேவையாகும். கல்லூரிச் சேர்க்கையிலும் அரசுப் பணியிலும் விளையாட்டு வீரர்க்கு ஒதுக்கீடு இருப்பதையும் மறவற்க. விலையுயர்ந்த பந்தய வண்டி தொடக்கத்தில் தேவையில்லை. வீட்டுத் திண்ணையில் துருப்பிடிக்கும் அரசு மிதிவண்டியே பயிற்சிக்குப் போதும். பெண் மக்களையும் விலக்கற்க. 1991-இல் புதுக்கோட்டை மாவட்ட அறிவொளி இயக்கத்தில் பல்லாயிரம் பெண்கள் மிதிவண்டி கற்று ஊர்ச்சாலைகளில் உலவினர்.

ஓர் எச்சரிக்கை. மாமல்லபுரக் கடலின் நீரோட்டம் நன்கு நீந்துவோரையும் இழுத்துச் செல்ல வல்லது. பயிற்றுநர் துணையின்றி எவரும் கடலில் இறங்கலாகாது. முதலில் நீச்சற்குளத்திற் பழகுக.

கழகத்தார்க்கு நம் வேண்டுகோள் ஒன்றே. புத்தகத்துக்கும் தேர்வுக் கட்டணத்துக்கும் உதவி வரும் நாம், ஆண்டுக்குப் பத்துப் பிள்ளைகளின் நீச்சற் பயிற்சிக் கட்டணத்தையும் ஏற்போமாக. அப்பத்துப் பேரில் ஐவர் பெண்களாக இருக்கட்டும். போட்டியில் வெல்வதும் தோற்பதும் பின்னர்ப் பார்த்துக்கொள்ளலாம். முன்னோர் வென்று தந்த நீரில் நம் பிள்ளைகள் முதலில் இறங்கட்டும்.

வாழ்க கழகம்! வளர்க இளைஞர் ஆற்றல்!