விழுங்கிய மாத்திரையின் சாட்சி

(ரமளானுக்கு முன் நடந்த மருத்துவ உதவிக் கூட்டத்தில் அறக்கட்டளைச் செயலாளர் ஆற்றிய உரை)

 

நம்மிடம் உதவி பெறும் குடும்பங்களில் காசநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களும் இருக்கிறார்கள். சென்ற வருடம் ஒரு தம்பி, இருமல் நின்றதும் மூன்றாம் மாதமே மாத்திரையை விட்டுவிட்டார். தாயார் கேட்டால் "சாப்பிட்டேன்மா" என்பார். நோய் திரும்பி வந்தபோதுதான் உண்மை தெரிந்தது.

வாய் மறைத்தாலும் உடம்பு மறைக்காது. சென்னை சேத்துப்பட்டில் 1956-ல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், நோயாளிகளில் ஒரு பகுதியினருக்கு மருத்துவமனையிலும் மற்றவர்களுக்கு வீட்டிலும் வைத்தியம் செய்தது. வீடுகளுக்குச் சொல்லாமல் சென்று மாத்திரைகளை எண்ணினார்கள். சிறுநீர் வாங்கிச் சோதித்தார்கள். வீட்டிலிருந்தே ஒழுங்காக மருந்து சாப்பிட்டாலும் ஏறக்குறைய அதே அளவு குணம் கிடைக்கும் என்ற முடிவு 1959-ல் வெளிவந்தது. தோப்பூர் ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் படுக்காமல், இன்று பெரும்பாலோர் வீட்டிலிருந்தே குணமடைவதற்கு அந்த ஆய்வு வழி திறந்தது.

ஐசோனியாசிட் என்ற மாத்திரை இரத்தத்தில் கலந்து, கல்லீரலில் அசிட்டைல் ஐசோனியாசிட் என்ற வேறு பொருளாக மாறி, சிறுநீரில் வெளியேறுகிறது. மருந்து எவ்வளவு, மாறிய பொருள் எவ்வளவு என்று அளந்தபோது இன்னோர் உண்மையும் தெரிந்தது. பிறவியிலேயே சிலருடைய உடம்பு இதை வேகமாக மாற்றிவிடுகிறது. சிலருக்கு மெதுவாக மாறுகிறது. வாரம் ஒரு முறை மட்டும் மருந்து கொடுத்துப் பார்த்த ஆய்வில், வேகமாக மாற்றுகிறவர்களுக்குக் குணம் குறைவாகவே கிடைத்தது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரைப் பார்த்து நாமாக மாத்திரையைக் குறைக்கக் கூடாது.

ரிஃபாம்பிசின் சாப்பிட்டால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகப் போகும். பயந்து நிறுத்திவிடாதீர்கள். மருந்து உடம்பில் சேர்ந்ததற்கு அதுவே அடையாளம்.

நோன்பு வருகிறது. ஸஹரில் வயிறு நிறையச் சாப்பிட்ட கையோடு இந்த மாத்திரைகளைப் போட்டால், இரத்தத்தில் சேரும் அளவு குறையும். எந்த நேரத்தில் போடுவது, நோன்பு வைக்க உடம்பு தாங்குமா என்று டாக்டரிடம் இப்போதே கேளுங்கள். நோயாளிக்கு மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. விட்ட நோன்பைக் குணமான பின் களாச் செய்யலாம். ஆனால் மாத்திரையை விட்டுவிட்டு, மருந்துக்கு அடங்காத கிருமியை வளர்த்துக்கொண்டால், அது வீட்டுப் பிள்ளைகளுக்கும் பரவும்.

தாய்மார்களே, மாத்திரை சாப்பிடும் பிள்ளையையும் மருமகளையும் ஏசாதீர்கள். ஏச்சுக்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். பக்கத்தில் உட்கார்ந்து தண்ணீர் எடுத்துக் கொடுங்கள். அந்தத் தம்பிக்கு இப்போது அவருடைய தாயார் அப்படித்தான் செய்கிறார்.

நோயுற்ற அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன். வஸ்ஸலாம்.