பள்ளியினின்று சட்டசபைக்கு
(நமது சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இழிவுக்குள்ளான ஒரு சமூகம் தலைநிமிர்வது எங்ஙனம் என்னும் வினாவுக்கு விடையாக, அமெரிக்காவிலே இந்தியானா மாகாணத்தில் வாழ்ந்த ரே குரோ என்னும் பெரியாரின் வரலாற்றை எடுத்துரைக்க விரும்புகிறோம். அவர் 1915-ல் பிறந்தவர், ஆப்பிரிக்க வமிசத்தவர், இளமையிற் கூடைப்பந்தாட்டக்காரர், பின்னர் உபாத்தியாயர், அதன்பின் சட்டசபை அங்கத்தினர்.

இண்டியானாபொலிஸ் நகரில் 1927-ல் கிறிஸ்பஸ் அட்டக்ஸ் உயர்தரப் பள்ளி திறக்கப்பட்டது. கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையருடன் அமர்ந்து கற்றலாகாது என்பதே நிறுவியோர் கருத்து. ஆயினும், கல்லூரிகளிற் போதிக்கத்தக்க பட்டம் பெற்றிருந்தும் நிறத்தால் அங்கு இடம்பெறாத அறிஞர் பலர் இப்பள்ளிக்கு வந்து கற்பித்தனர். ஒதுக்குவதற்கென்று கட்டிய கட்டிடம் உயர்ந்த கல்விக்கூடமாயிற்று. எனினும், ஓரினத்தார் மட்டும் பயில்வது பொதுப் பள்ளியன்று என்று கூறி, மாகாணப் பந்தயச் சங்கம் 1942 வரை அதனைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒருபுறம் விலக்கி வைத்தல். மறுபுறம் விலகியிருப்பதையே குற்றமாகக் கூறுதல். இந்நியாயத்தை என்னென்பது!

1950-ல் குரோ அப்பள்ளியின் பயிற்சியாளரானார். பள்ளியின் ஆட்டக்கூடம் சிறிதாதலின், பிள்ளைகள் பிறர் இடங்களிலேயே ஆடவேண்டியிருந்தது. நடுவர் ஓரஞ்சார்ந்தாலும் வெற்றி கைநழுவாதபடி முற்படவே புள்ளிகளைப் பெருக்கிக்கொள்ளல் வேண்டும். எது நேரினும் சினங்கொள்ளலாகாது. இவையே அவர் புகட்டிய நெறி. ஏழாண்டுகளில் 179 ஆட்டங்களில் வெற்றியும் 20-ல் தோல்வியும் கண்டனர். 1955-ல் ஆஸ்கார் ராபர்ட்சன் முதலிய மாணவர், மற்றொரு கறுப்பினப் பள்ளியான கேரி ரூஸ்வெல்ட்டை 97-க்கு 74 என்னும் கணக்கில் வென்று மாகாண முதன்மை எய்தினர். மறு ஆண்டில் 31 ஆட்டங்களில் ஒன்றிலும் தோலாது மீண்டும் அதனைப் பெற்றனர்.

நிற்க. 1955-ன் வெற்றியிரவில் நிகழ்ந்ததையும் சொல்லுதல் வேண்டும். ஊர்வலம் நகர நடுவிலுள்ள நினைவுத்தூணைச் சுற்றியவுடன், கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதியின் பூங்காவொன்றுக்குத் திருப்பப்பட்டது. நகருக்கே பெருமை தேடித்தந்த பிள்ளைகளுக்கு நகரின் நடுவிடம் உரித்தாகவில்லை. ராபர்ட்சன் மனம் நொந்து வீடு திரும்பினார். பந்தயத்தில் வென்றதனால் மட்டும் அநீதி அகன்றுவிடவில்லை என்பதை அவ்விரவு காட்டிற்று.

குரோ 1966-ல் இந்தியானா சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டு, கல்விக் குழுவின் தலைவராகவும் விளங்கினார். 1976-ல் அந்நகரின் பூங்காக்கள் அனைத்துக்கும் அதிகாரியானார். 1983 முதல் 1987 வரை நகரசபையிலும் இருந்தார். 2003-ல் காலமானார்.

அன்பர்களே! இதிலிருந்து நாம் கொள்ளவேண்டுவன இரண்டு. நல்லுபாத்தியாயர் ஒருவரைப் போற்றுதல் ஆயிரம் தீர்மானங்களினும் மேலாம். ஆதலின் நமது கல்வி நிதிக்கு அனைவரும் மனமுவந்து அளித்தல் வேண்டும். மற்றொன்று கசப்பாயினும் கூறுகிறோம்: நம்மைப் பிறர் விலக்கியதை மறவாத நாம், நமது வாயிலில் எவரை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நம்மையே வினவிக்கொள்ளல் வேண்டும். அவ்வினாவுக்கு அஞ்சாத சமூகமே உயரும்.