கூட்டம் போடாம வளர்ந்த மாணவர் இயக்கம் | நேற்றைய உரையிலிருந்து



"வெளிய தெரியாத வேலையெல்லாம் ஒரு வேலையா?"ன்னு கேக்குறீங்கல்ல? சீனாவுக்கு வாங்க.

1937-ல ஜப்பான் படையெடுத்ததும் பீக்கிங், சிங்ஹுவா, நான்காய் பல்கலைக்கழகங்கள் தெற்கே போயிடுச்சு. 1938-ல குன்மிங் நகரத்துல மூணும் ஒரே பல்கலைக்கழகமா இயங்குச்சு. சில நூறு மாணவர்கள் அங்க போய்ச் சேர்ந்ததே பெரும்பாலும் நடந்துதான்!

1941 ஜனவரி. ஜப்பானை எதிர்க்கக் கூட்டு சேர்ந்திருந்த கோமின்டாங், கம்யூனிஸ்டுகளோட புதிய நான்காவது படையையே தாக்குது. வளாகத்துல கைது பயம். முகம் தெரிஞ்ச தலைமறைவு உறுப்பினர்கள் கிராமங்களுக்குப் போயிட்டாங்க. மிச்சப்பேருக்குக் கட்சி சொன்னது என்ன தெரியுமா? நல்லா படி, வேலையை ஒழுங்கா செய், நண்பர்களைச் சேர்த்துக்கோ. அவ்ளோதான்! கோஷம் கிடையாது. (தினம் நாலு ஹேஷ்டேக் போடுற நமக்கு இது கஷ்டம்தான்.)

ஆனா அந்த நட்புதான் பின்னாடி வாசிப்பு வட்டமாச்சு, சுவர்ப் பத்திரிகையாச்சு. பேராசிரியர்களும் மாறினாங்க. விலைவாசி ஏற்றத்துல சம்பளம் பத்தாம, முத்திரை செதுக்கிக் குடும்பம் நடத்துன கவிஞர் வென் யிதுவோ, 1944-ல ஜனநாயகக் கழகத்துல சேர்ந்தார்.

போர் முடிஞ்சும் அடக்குமுறை முடியல. 1945 டிசம்பர் 1: உள்நாட்டுப் போர் வேண்டாம்னு வகுப்பைப் புறக்கணிச்ச மாணவர்கள் மேல கையெறிகுண்டு. நாலு உயிர் போச்சு. 1946 ஜூலை 15: கொல்லப்பட்ட நண்பர் லி குங்பூவுக்கான நினைவுக் கூட்டத்துல கொலைகாரர்களை நேருக்கு நேரா கண்டிச்சுப் பேசினார் வென். அன்னைக்கு சாயங்காலமே அவரையும் தெருவுல சுட்டுக் கொன்னாங்க. கூட நடந்து வந்த மகன் குண்டடிபட்டும் பிழைச்சுக்கிட்டார்.