வண்டுத் தாயத்தும் அதைச் செதுக்கிய கைகளும்



எகிப்து என்றவுடன் பிரமிடுகளும் மன்னர்களின் பொற்பேழைகளுமே நம் நினைவுக்கு வருகின்றன. நான் இன்று பேச எடுத்துக்கொண்டதோ கட்டைவிரல் நகத்தளவே உள்ள ஒரு பொருள். சாணத்தை உருட்டிச் செல்லும் வண்டின் வடிவில் செய்யப்பட்ட தாயத்து அது.

சாணத்தில் உழல்கிறது என்பதற்காக அவ்வுயிரை எகிப்தியர் இழிவென்று ஒதுக்கவில்லை. கதிரவனை வானில் உருட்டிச் செல்லும் கெப்ரி என்னும் தெய்வத்தையே அதனிடம் கண்டனர். சாணத்திலிருந்து இளவண்டு வெளிப்படுவதை மறுபிறப்பின் அடையாளமாகக் கொண்டனர். கழுத்திலும் விரலிலும் அணிந்தனர். இறந்தோருடன் வைத்துப் புதைத்தனர்.

இவற்றுள் பெரும்பாலானவை மாக்கல்லால் ஆனவை. மாக்கல் மென்மையானது, செம்புக் கருவிக்கும் இணங்குவது. முதுகில் சிறகின் கோடுகளையும் பக்கங்களில் கால்களையும் செதுக்குவர். தட்டையான அடிப்பகுதியில் பெயரோ சின்னமோ பொறிப்பர். நூல் கோப்பதற்கு நெடுக்கே துளையிடுவர். பின்னர்ப் பூச்சிட்டுச் சூளையில் சுட்டால் அந்த மென்கல் கடினமாகி, நீலமும் பச்சையும் கலந்த ஒளி பெறும். துளையிடுவது எளிய வேலையன்று. தீபஸ் நகரில் ரெக்மிரே என்னும் அமைச்சரின் கல்லறைச் சுவரிலே, ஒரே வில்லால் பல துளையூசிகளைச் சுழற்றி மணிகளைத் துளைக்கும் தொழிலாளரை இன்றும் ஓவியமாகக் காணலாம். ஓவியம் அமைச்சரின் பெருமைக்காகத் தீட்டப்பட்டது. ஆயினும் நம் கண் வில்லைப் பிடித்த கையில்தான் நிற்கிறது.

கி.மு. 14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அமென்ஹோதெப் என்னும் மன்னன் பெரிய வண்டுகளைச் செய்வித்துத் தன் செய்திகளைப் பொறித்து வழங்கினான். அவற்றில் 200க்கு மேற்பட்டவை கிடைத்துள்ளன. ஆட்சியின் முதற் பத்தாண்டுகளில் தான் 102 சிங்கங்களை வீழ்த்தியதாக ஒருவகை வண்டுகளில் எழுதுவித்தான். சிங்கங்களுக்குக் கணக்கு இருக்கிறது. கல்லைச் செதுக்கியவன் பெயர் எங்கே, இளைஞர்களே?

அம்மன்னனின் மகன் அக்கெனாத்தன் எழுப்பிய தலைநகரம் அமர்னா. அங்கே 1891-92இல் ஃபிளிண்டர்ஸ் பெட்ரி அகழ்ந்தபோது ஆயிரக்கணக்கான களிமண் அச்சுகள் வெளிப்பட்டன. படிகக்கல் தூளைக் குழைத்து அச்சில் அழுத்திச் சுட்டு, அங்கே நீலநிறத் தாயத்துகளைச் செய்தனர். மலிவான முறையாதலால் எளியவரும் அவற்றை அணிய முடிந்தது.

அந்நகரின் எளிய மக்களைப் புதைத்த இடுகாடு ஒன்றை 2006 முதல் அறிஞர்கள் ஆராய்ந்தனர். வளர்ச்சி குன்றிய உடல்களும், பெருஞ்சுமையால் நைந்த முதுகெலும்புகளும் காணப்பட்டன. பெரும்பாலோர் முரட்டுப் பாயில் சுற்றிப் புதைக்கப்பட்டிருந்தனர். ஒருசிலரிடமே வண்டுத் தாயத்தும் சில மணிகளும் இருந்தன.