ஊர்வலம் முடிந்த மறுநாள்



2025ஆம் ஆண்டுச் சித்ரா பௌர்ணமிக்குத் தெலுக் இந்தான் முருகப் பெருமானைத் தரிசிக்க ஹுத்தான் மெலிந்தாங்கிலிருந்து சென்றவர்கள், அங்கே பாதுகாப்புப் பணியிலிருந்த கலகத் தடுப்புப் போலீஸ் படையினரைக் கண்டிருப்பீர்கள். பெயரறியோம், முகமறிவோம். அவ்வளவே நமக்கு அறிமுகம்.

பணி முடித்து மே 13ஆம் நாள் காலை ஈப்போவுக்குத் திரும்பிய அவர்களுள் 18 பேர் சென்ற வாகனத்தின்மீது, சிக்குஸ் – சுங்கை லம்பாம் சாலையில், கல்லேற்றி வந்த லோரி மோதியது. 9 பேர் மாண்டனர். நம் இனத்தவர் ஒருவரும் அவர்களுள் இருந்தார். ஏனையோர் பெரும்பாலும் வேற்றுச் சமயத்தவர். நம் திருவிழாவுக்குக் காவல் நின்றவர்கள் வீடு போய்ச் சேரவில்லை.

திருவிழாக் காலத்தில் நம் கவலைகள் எவை? முதல் மரியாதை யாருக்கு, அழைப்பிதழில் யார் பெயர் மேலே, இரதம் எத்தெரு வழியே! கவலையே கூடாதென்று நான் கூறவில்லை. அன்னதானக் கணக்கு காசு பிசகாமல் இருக்கத்தான் வேண்டும். அரசு ஊழியன் வேறெப்படிச் சொல்வேன்? ஆயினும் ஒரு மாலைக்காக ஆண்டுக்கணக்கில் பேசாதிருக்கும் அண்ணன் தம்பியர் நம் ஊர்களில் உண்டு. அந்த ஒன்பது இல்லங்களிலும் பேசித் தீர்க்க வேண்டியவை எத்தனை எஞ்சி நின்றனவோ!

ஆலய நிர்வாகத்தாருக்கு ஒரு வேண்டுகோள். இரதம் நிலைக்கு வந்ததும், புறப்படும் காவலர்களை அழைத்து உணவளித்து, பெயர் கேட்டு, கைகூப்பி வழியனுப்புங்கள். பேசாதிருக்கும் அண்ணன் தம்பியர் அப்பந்தியில் சேர்ந்து பரிமாறட்டும்.