ஒளியை அறியும் கண்

உயிரில்லாத பொருள் ஒளியை உணருமா என்று வினவினால், உணரும் என்பதே விஞ்ஞானம் தரும் விடையாகும்.

செலீனியத்தின்மீது ஒளி பட்டால் அதன் மின்தடை குறைகிறது என்பதை 1873-ஆம் ஆண்டில் வில்லோபி ஸ்மித் என்பவர் வெளியிட்டார். நம் நாட்டு ஜகதீச சந்திர போஸ், கலீனா என்னும் ஈயத் தாதுவைக் கொண்டு அமைத்த கருவிக்கு 1904-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். வானொலி அலைகளோடு ஒளியையும் உணரவல்லது அது.

இதன் தத்துவம் எளிது. உலோகத்தில் எலெக்ட்ரான்கள் தாராளமாக உலவுகின்றன. கண்ணாடியில் கட்டுண்டு கிடக்கின்றன. சிலிக்கன் முதலிய குறைகடத்திகளிலோ, கட்டுண்ட எலெக்ட்ரான்கள் தக்க ஒளி பட்டதும் விடுபட்டு ஓடுகின்றன. ஒளி மிகுந்தால் மின்னோட்டமும் மிகும். ஆகவே மின்னோட்டத்தை அளந்தால் ஒளியை அளந்ததாகும்.

திருச்சிராப்பள்ளியில் 1888-இல் பிறந்த சர் சி. வி. ராமன், சிதறும் ஒளியில் புதிய நிறங்கள் தோன்றுவதை 1928-இல் கண்டறிந்தார். அம்மங்கிய ஒளியைப் புகைப்படத் தகட்டில் பதிக்க அந்நாளில் நெடுநேரம் காத்திருக்க வேண்டியிருந்தது. இன்று சிலிக்கன் உணர்விகள் பலபொழுது நொடிகளிலேயே பதித்துவிடுகின்றன.

2021-ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின்போது ஸ்ரீரங்கத்தில் எங்கள் அண்டைவீட்டுப் பெரியவர், "எனக்கு ஒன்றுமில்லை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் விரலில் மாட்டிய சிறு கருவி 87 என்று காட்டியது. உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றனர், பிழைத்து வந்தார்.

அக்கருவி சிவப்பொளியையும் அகச்சிவப்பொளியையும் விரலுள் செலுத்துகிறது. பிராணவாயு நிறைந்த குருதி சிவப்பொளியைக் குறைவாகவே உறிஞ்சும். மறுபுறம் வந்துசேரும் இருவகை ஒளியையும் சிலிக்கன் துண்டொன்று அளக்க, கணக்கு எண்ணாகிறது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. கருநிறத் தோலில் இக்கருவி சிலபொழுது உள்ளதைவிட மிகுதியான எண்ணைக் காட்டுவதை 2020-இல் அமெரிக்க மருத்துவர்கள் எடுத்துரைத்தனர். நம்மவர் பலரும் கருநிறத்தினர் அல்லரோ! எனவே எண் நன்றாயிருப்பினும், மூச்சுத் திணறினால் மருத்துவரை நாடத் தாமதியாதீர்கள். சிலிக்கன் ஒளியை அறியும். நோயாளியின் துன்பத்தை அறிவது மனிதரே.